சக்கரவர்த்தி வீட்டு அசல் சரக்கு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவது வழக்கம். கிரிவலம் வருகிறவர்கள் செருப்பை விடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஊரில் வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே தலைமுடியையும் விட்டு, விசா முடிகிற அன்றைக்கு மட்டும் எதையும் விட மனசில்லாமல் ஆட்டோவில் ஏறுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஆலன், மூன்று வருடத்துக்கு முன்னால், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் சக்கரவர்த்தியின் மாடி அறையைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது முக்கால் பாட்டில் விஸ்கி.

"எனக்கு இருந்த கடைசிப் பற்று இது," என்றார், டீக்கடைகளில் பொறுக்கிச் சேர்த்த தமிழில். "உங்ககிட்ட குடுத்துட்டேன். இனிமே இது உங்க பிரச்சினை."

அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அப்படியே ஆயிற்று.

சக்கரவர்த்தி அதற்கு முன் குடிக்காதவர் அல்ல. தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மனிதர். வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில், மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் மறைவில், பிளாஸ்டிக் கப்பில் தருவதைக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, விளக்கெண்ணெய் மாதிரி விழுங்கிவிட்டு ஊறுகாயை நக்கியிருக்கிறார். குடிப்பது என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். ஆலன் குடிக்கிற விதம் வேறாக இருந்தது. கிளாஸில் ஒரு விரல் உயரம் ஊற்றுவார். நாலு சொட்டுத் தண்ணீர் விடுவார். முகர்வார். மலையைப் பார்ப்பார். மறுபடி முகர்வார். பத்து நிமிடம் கழித்து உதட்டை நனைப்பார். வெண்கலப் பானை வாங்க வருகிற விவரமான ஆசாமி, தட்டிப் பார்த்து, காதோரம் வைத்துக் கேட்டு, கீழே வைத்துவிட்டு அடுத்த கடைவரை போய்த் திரும்பிவந்து மறுபடி தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. இது வியாபாரம் தெரிந்தவன் குடி என்று சக்கரவர்த்திக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அதைவிட அவரை அசத்தியது லேபிளில் போட்டிருந்த வயது. பன்னிரண்டு வருடம் பீப்பாயில் சும்மா கிடந்ததற்காக விலை ஏறிய சரக்கு. அவர் கடையின் மேல்தட்டில் நாற்பது எவர்சில்வர் கூஜாக்கள் இருபது வருடமாகச் சும்மா கிடந்தன. பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு கூஜாவை விசாரிக்கக்கூட ஆளில்லை. வருடா வருடம் விலையைக் குறைத்துக் குறைத்து, இப்போது சும்மா கொடுத்தால்கூட வாங்குகிறவன் யோசிப்பான் என்கிற கட்டத்துக்கு வந்திருந்தார்.

"கிடக்கக் கிடக்க விலை ஏறுற சரக்கும் உலகத்துல இருக்குது பாரேன்," என்று மனைவி ரேணுகாம்பாளிடம் மாய்ந்துபோனார்.

ரேணுகாம்பாள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். "சாம்பிராணி போட்ட ரூம்ல டிஞ்சரைக் கொட்டினாப்பல இருக்குது. இதுக்கா பன்னெண்டு வருஷம்?"

ஆனால் அவள் தடுக்கவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு மாடியில் ஒரு விரல். ஏழே முக்காலுக்கு இறங்கி வந்து இட்லி. சங்க ஆண்டு விழாவிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வருவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை என்று அவள் கணித்திருந்தாள்.

விஷயம் பரவியது. குளிர்காலத்துக்கு வருகிற மாடிக் குடித்தனக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டில் விமான நிலையத்தில் வாங்கி வந்தார்கள். சிங்கப்பூர் மருமகன் ஒன்று கொண்டுவந்தான். கூடத்து ஷோகேஸில் கொலு பொம்மைகள் ஒரு தட்டு கீழே இறங்கின. மூன்று வருடத்தில் எட்டு பாட்டில். ஒவ்வொன்றின் முன்னாலும் சக்கரவர்த்தி ஒரு சின்னச் சீட்டில் பெயர், ஊர், வயது எழுதி வைத்தார். கடையில் பாத்திரத்துக்கு எழுதுகிற அதே கையெழுத்து. பிரதோஷத்தன்று மட்டும் ரேணுகாம்பாள் ஷோகேஸுக்குத் திரை போடுவாள். சாமிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இல்லை, பஜனைக்கு வருகிற பெண்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

எட்டிலும் முதல் தட்டில் நடுவில் இருந்தது ஆலனின் பாட்டில். ஆலன் ஒவ்வொரு கார்த்திகைக்கும் வருவார். இருவரும் அதில் ஆளுக்கொரு விரல் குடிப்பார்கள். போன வருடம் கிளம்பும்போது அதில் இரண்டு பேருக்குத்தான் மிச்சம் இருந்தது. "இதை அடுத்த தீபத்துக்கு முடிப்போம். தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி மாதம் ஆலனிடமிருந்து போனில் செய்தி வந்தது. இருதயத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "டாக்டர் எனக்கு ஒரே ஒரு பயணமும் ஒரே ஒரு விரலும் அனுமதித்திருக்கிறார். இரண்டையும் உங்கள் மாடிக்கு ஒதுக்கிவிட்டேன்."

அன்றிலிருந்து சக்கரவர்த்தி அந்தப் பாட்டிலைத் துடைக்கக்கூட யாரையும் விடவில்லை.

ஐப்பசியில் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. வீட்டில் மது பாட்டில் பதுக்கிய ஒருவர் கைது. படத்தில் பாட்டில்கள் வரிசையாக நிற்க, பின்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வரிசை, உயரம், இடைவெளி எல்லாம் தன் ஷோகேஸ் மாதிரியே இருந்ததைப் பார்த்து சக்கரவர்த்திக்கு வேர்த்துவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பூட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர் குலாம் ரசூல், மூன்று தலைமுறையாக ஊருக்குப் பூட்டு விற்கிற குடும்பம்.

"அந்த ஆளு வித்திருக்கான்ணே. நீங்க விக்கிறீங்களா?"

"இல்ல பாய். ஆனா கடையில எடைக்கல்லுக்கு முத்திரை இருக்குது. நகராட்சி லைசென்ஸ் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன். தீயணைப்பு சர்டிபிகேட் இருக்குது. இதுக்கு மட்டும் ஒரு பேப்பரும் இல்லாம வச்சிருக்கேனே."

குலாம் ரசூல் பத்திரிகையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "யாரும் கேக்காத கேள்விக்குத் தேடிப்போய் பதில் சொல்றேன்றீங்க. நல்ல ஏழு லீவர் பூட்டு ஒண்ணு தரேன். ஷோகேஸுக்குப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

சக்கரவர்த்தி போகவில்லை. நாற்பது வருடம் கடை நடத்தியவருக்கு இருக்கிற மூடநம்பிக்கை ஒன்றுதான்: சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு காகிதம் இருந்தால் எமனே வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

மாவட்டத் தனிநபர் மதுக் கையிருப்பு ஒழுங்குமுறைப் பிரிவு, வேங்கிக்கால் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் அரசாங்க மதுக்கடை. படிக்கட்டு கடையின் வரிசைக்கு நடுவில் ஏறியதால், சக்கரவர்த்தி மேலே போக முயன்றபோது நாலு பேர் சட்டையைப் பிடித்தார்கள். "வரிசையில வா பெருசு. வயசானா குறுக்கால பூந்துருவியா?" ஆபீசுக்குப் போகிறேன் என்றதும் பரிதாபப்பட்டு வழி விட்டார்கள்.

மேலே பிரிவு கண்காணிப்பாளர் தனம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வேணும்?"

"வீட்டுல எட்டு பாட்டில் விஸ்கி வச்சிருக்கேன் மேடம். அதுக்கு லைசென்ஸ் வேணும்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அந்தப் பிரிவு திறந்து பதினொரு வருடத்தில் அந்தக் காரியத்துக்காக ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"விக்கிறதுக்கா?"

"இல்லீங்க."

"வீட்டுல கல்யாணமா?"

"இல்லீங்க. பாக்கறதுக்கு. சனிக்கிழமை கொஞ்சம் குடிக்கறதுக்கு."

"கொஞ்சம்னா?"

சக்கரவர்த்தி ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்துக் காட்டினார். தனம் அந்த விரலைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, ஒரு விண்ணப்பத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அதில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று: அருந்தாதவர். இன்னொன்று: அருந்தாமல் இருக்க இயலாதவர்.

"நான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கேன் மேடம்."

"நடுவுல இருக்கறவங்க யாரும் ஆபீசுக்கு வர மாட்டாங்க சார். அதனால கட்டம் போடல."

"அருந்தாதவர்னு போட்டா?"

"அருந்தாதவருக்கு எதுக்கு பாட்டில்? தள்ளுபடி. ரெண்டாவதுதான் உங்களுக்கு வழி. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. குடிக்கலன்னா கை நடுங்கும், உயிருக்கு ஆபத்துன்னு."

"கீழ கடையில இத்தினி பேர் வாங்கறாங்களே, அவங்கல்லாம் எழுதி வாங்கினாங்களா?"

தனம் பொறுமையானவர். பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். "அவங்க வாங்கறாங்க, குடிக்கறாங்க, போறாங்க. யாராவது வச்சிருக்காங்களா? அடுத்த தெரு தாண்டறதுக்குள்ள தீத்துடறாங்க. கையில ஒண்ணும் இருக்காது. சட்டப்படி ரொம்ப சுத்தமானவங்க. நீங்கதான் சார் வாங்கி மூணு வருஷமாயும் குடிக்காம வச்சிருக்கீங்க. எங்களுக்கு இடிக்கறது அதுதான்."

மருத்துவர் சக்கரவர்த்தியின் நாக்கை நீட்டச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்தினார், ரத்தம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வருத்தமாகத் தலையாட்டினார்.

"உங்க கல்லீரல் உங்க கடைப் பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்குதுங்க. இத்த வச்சிக்கிட்டு நான் எப்படி எழுதறது? நாளைக்கு விசாரணை வந்தா என் வேலை போயிடும்."

"ஏதாவது பாத்து செய்யுங்க டாக்டர்."

"என்கிட்ட குடிய நிறுத்தணும்னு வர்றாங்க. நிறுத்தின மாதிரி சர்டிபிகேட் கேட்டு வர்றாங்க. குடிகாரன்னு எழுதித் தாங்கன்னு யாரும் வந்ததில்ல." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஆறு மாசம் முயற்சி பண்ணிட்டு வாங்களேன். தினமும் காலையில ஆரம்பிச்சீங்கன்னா நம்பிக்கை இருக்குது."

சக்கரவர்த்தி ரிப்போர்ட்டைத் தனத்திடம் கொடுத்து, தான் தோற்றுவிட்டதாகச் சொன்னார். அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மருத்துவர் ரிப்போர்ட்டில் 'எட்டு பாட்டில் வீட்டில் இருந்தும் அடிமை ஆகாதவர்' என்று எழுதியிருந்தார். அதை உதவி ஆணையர் எழில் படித்தார். மறுநாள் சக்கரவர்த்திக்கு அழைப்பு வந்தது. புதன்கிழமை காலை மது ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம். அவருக்குப் பொன்னாடை.

கூட்டம் அதே கட்டடத்துக்கு முன்னால் நடந்தது. கீழ்க்கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதால், அதுவரை காத்திருந்தவர்கள் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை அந்தத் துறை எந்த ஊரிலும் கண்டதில்லை.

"அன்பார்ந்த பெருமக்களே," என்று எழில் ஆரம்பித்தார். "மது வீட்டுக்குக் கேடு. ஆகவே அதை வீட்டில் வைக்காதீர்கள் என்கிறோம். இது சாதாரணக் கோரிக்கையா? இதில் எவ்வளவு பெரிய தத்துவம் இருக்கிறது? வீட்டில் வைத்தவன் இன்றைக்குக் குடிப்பான், நாளைக்குக் குடிக்க மாட்டான், அடுத்த வாரம் மறந்தே போவான். இப்படி ஒழுங்கில்லாமல் போனால் நாங்கள் எதை நம்பித் திட்டம் போடுவது? கடந்த ஆண்டு இந்த மாவட்டத்தில் விழிப்புணர்வு இலக்கு, விற்பனை இலக்கு இரண்டையும் தாண்டிய ஒரே அதிகாரி என்று மேலிடம் என்னைப் பாராட்டியது. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று குறையும் என்றார்கள். குறையவில்லை. விழிப்புணர்வு அடைந்தவர்கள்தான் அடுத்த நாள் முதலில் வருகிறார்கள். ஏன்? அவர்களுக்குத்தான் கடை இருக்கும் இடம் தெரிகிறது."

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு சக்கரவர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினார். "இவர் வீட்டில் எட்டு பாட்டில் இருக்கிறது. ஆனால் இவர் குடிகாரர் இல்லை. இப்படிப்பட்டவர்களால் சமுதாயத்துக்கு நன்மை. துறைக்கு என்ன நன்மை என்பதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்."

மணி பன்னிரண்டு ஆனதும் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. நன்றியுரைக்கு மேடையில் இருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

அந்த ஆராய்ச்சியின் முடிவு ஒரு வாரத்தில் பதிவுத் தபாலில் வந்தது. உதவி ஆணையர் தலைமையில் சுவை அறி குழு நேரில் வந்து ஆய்வு செய்யும். எட்டு பாட்டிலும் அசலா போலியா என்று பார்க்கும். அசல் என்றால் அனுமதி பரிசீலிக்கப்படும், போலி என்றால் பறிமுதல். பாட்டில் ஒன்றுக்குத் தொண்ணூறு மில்லி மாதிரி எடுக்கப்படும். எடுத்த மாதிரி திருப்பித் தரப்பட மாட்டாது. தேதி, தீபத்துக்கு நாலு நாள் முன்னால்.

ஆலன் பாட்டிலில் இருந்ததே தொண்ணூறு மில்லிதான்.

சக்கரவர்த்தி வேங்கிக்காலுக்கு ஓடினார். "மேடம், ஏழு பாட்டில்னு திருத்திக்கலாங்களா? ஒண்ணை விட்டுடுங்க. அது ஒரு நண்பருக்கு வச்சது."

"எட்டுன்னு ஏறிடுச்சே சார். ஏழு இருந்தா ஒண்ணைக் குடிச்சிட்டீங்கன்னு ஆகும். அனுமதி வர்றதுக்கு முன்னாடி குடிச்சா குற்றம்."

"முன்னாடி நான் வரவே இல்லன்னா?"

"அப்போ எவ்வளவு வேணா குடிச்சிருக்கலாம். நீங்க வந்துட்டீங்களே."

வீட்டுக்கு வந்து ஷோகேஸ் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஆலன் டிக்கெட் எடுத்துவிட்டார். ஒரே ஒரு பயணம், ஒரே ஒரு விரல். அந்த விரல் உதவி ஆணையரின் தொண்டைக்குள் இறங்கப்போகிறது.

"எடுத்து ஒளிச்சி வச்சிடட்டுமா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"வேணாம். எட்டு இருக்கணும். நாமளே கூப்ட்டு வச்ச ஆளுங்க. பொய் சொல்ல எனக்கு வராது."

"உங்களுக்கு வராது, தெரியும். அவங்க பாட்டிலைத்தான எண்ணுவாங்க?"

"ஆமா."

"சரி, விடுங்க. நாளைக்குக் கடையில இருந்து ஒரு கூஜா எடுத்தாங்க. எனக்கு வேணும்."

இருபது வருடத்தில் கூஜா கேட்ட முதல் ஆள் தன் மனைவி என்பதில்கூட அவருக்கு அன்று சந்தோஷம் வரவில்லை. மறுநாள் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தார். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

ஆய்வு நாள் காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. எழிலும், ஆய்வாளர் சுரேஷ்குமாரும் இறங்கினார்கள். சுரேஷ்குமார் கையில் ஒரு அளவுக் குவளையும் அரக்கும் முத்திரையும் இருந்தன.

"மிஷின் எதுவும் கொண்டாரலீங்களா?" என்றார் சக்கரவர்த்தி.

"மிஷின் டெண்டர்ல இருக்குது. அது வர்ற வரைக்கும் எங்க நாக்குதான் மிஷின்," என்றார் சுரேஷ்குமார். "வறுத்த மல்லாட்டை இருக்குங்களா? பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல நாக்கை சுத்தம் பண்ணிக்கணும்."

ரேணுகாம்பாள் ஒரு முறம் வேர்க்கடலையை வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். பாட்டில்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. ஆலன் பாட்டிலைத் தூக்கி வைக்கும்போது, அதில் கால் பாட்டிலுக்குச் சரக்கு இருப்பது போல சக்கரவர்த்திக்குத் தெரிந்தது. பயத்தில் கண் பெருக்கிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பாட்டில் பதினெட்டு வருடத்துச் சரக்கு. எழில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எதற்கோ காத்திருந்தார். அது வரவில்லை.

"எரியலையே."

"ஆமா சார், நெஞ்சைப் புடிக்கவே இல்ல," என்றார் சுரேஷ்குமார்.

"நம்ம கடைச் சரக்கு முதல் வாயிலேயே கண்ணுல தண்ணி வரவழைக்கும். அதுதான் அரசாங்கம் அங்கீகரிச்ச தரம். இதுல அது இல்ல. சந்தேகத்துக்குரியதுன்னு எழுதுங்க."

இரண்டாவதில் பழ வாசனை வந்தது. எசென்ஸ் கலப்படம். மூன்றாவது நிறம் கம்மி, தண்ணீர் கலப்படம். நாலாவது நிறம் ஜாஸ்தி, சாயம். ஐந்தாவதை உறுதி செய்ய இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. அப்போது முதல் மூன்றையும் அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டோமோ என்று எழிலுக்கு மனசாட்சி உறுத்தியதால், நடுநிலை தவறக் கூடாது என்று அவற்றையும் மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். ஆறாவதுக்கு சுரேஷ்குமார் நின்றுகொண்டு ஆய்வு செய்ய முயன்று, உட்கார்ந்துவிட்டார். ஏழாவதை முடித்தபோது எழில் டையை அவிழ்த்து மல்லாட்டைத் தோலின்மேல் வைத்திருந்தார்.

"நான் யாரு தெரியுமா?" என்றார் சக்கரவர்த்தியின் தோளைப் பிடித்து. "இந்த மாவட்டத்துல எவன் எதைக் குடிக்கணும்னு முடிவு பண்றவன். ஆனா எம் பொண்டாட்டி என்னை வீட்டுல ஒரு சொட்டு குடிக்க விட மாட்டா. அதான் வெளியில ஆய்வு வச்சிக்கறேன்."

எட்டாவதாக ஆலன் பாட்டில் திறந்தது. கூடத்தில் புகை வாசனை லேசாகப் பரவியது. சக்கரவர்த்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குவளையில் ஊற்றும் சத்தம் கேட்டது. ஆலன் விமானத்தில் ஏறுவது கண்ணில் தெரிந்தது. விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"சுரேஷ்," என்றார் எழில், தணிந்த குரலில். "குடி இதை."

சுரேஷ்குமார் குடித்தார். அவர் கண்கள் கொஞ்சம் விரிந்தன.

"தொண்டைக்கு இதமா இருக்குது சார்."

"தலைபாரம் இறங்குது பாரு. புகை வாசனை, லேசாத் துவர்ப்பு, ஒரு எரிச்சல் கிடையாது, ஒரு மயக்கம் கிடையாது. இப்பத்தான் எனக்குக் கண்ணே தெரியுது." எழில் இன்னொரு வாய் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்பத்தான் அசல் சரக்கைக் குடிக்கறேன். எழுதுங்க. ஏழும் போலி. இது ஒண்ணு அசல்."

எழுதுவதில் ஒரு சிக்கல் வந்தது. அசலை வைத்திருக்க அனுமதி கொடுக்கலாம். ஆனால் விண்ணப்பதாரர் எந்தக் கட்டத்திலும் இல்லையே. எழில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்து, சொல்லச் சொல்ல சுரேஷ்குமார் எழுதினார். மீதமிருப்பது மாவட்ட ஒப்பீட்டு மாதிரியாக அறிவிக்கப்படுகிறது. இனி இந்த மாவட்டத்தில் பிடிபடும் எந்த வெளிநாட்டு மதுவும் இதனோடு ஒப்பிட்டே அசலா போலியா என்று தீர்மானிக்கப்படும். சக்கரவர்த்தி இதன் பாதுகாவலர். அவர் இதைக் குடிக்கக் கூடாது.

மூடிமேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். போலிகள் ஏழும் மேலாய்வுக்காக ஜீப்பில் ஏறின. ஜீப் சந்தைத் தாண்டும்போதே மேலாய்வு தொடங்கிவிட்டது.

சக்கரவர்த்தி மேஜையருகே அப்படியே நின்றார். மூன்று வருடம் சேர்த்த ஏழு போய்விட்டன. அதுகூடப் பரவாயில்லை. எட்டாவது பாட்டிலைக் கையில் எடுத்தார். முத்திரைக்குக் கீழே, அவர் தொட முடியாத இடத்தில், ஆலனுக்கு வைத்ததில் அந்த இரண்டு பேரும் விட்ட எச்சில் மிச்சம்.

"அவருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

ரேணுகாம்பாள் தோல்களைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். "ஏங்க, டீத்தண்ணிக்காக இப்படிக் கண் கலங்கறீங்க?"

"எந்த டீத்தண்ணி?"

"நாலு தடவை கொதிக்கவச்சி வடிகட்டினது. காலியா இருந்த பாட்டில்ல சாம்பிராணிப் புகையைப் புடிச்சிட்டு ஊத்தினேன். புகை கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சோன்னு பயந்தேன். பெரியவர் அத்தத்தான் மெச்சினாரு."

பூஜை அறையில், பிள்ளையாருக்குப் பின்னால், கூஜா இருந்தது. சக்கரவர்த்தி திருகு மூடியைத் திறந்து முகர்ந்தார். மூடினார். மறுபடி திறந்து முகர்ந்தார். பிறகு கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவரே துடைப்பத்தை வாங்கிப் பெருக்கினார்.

தீபத்தன்று ஆலன் வந்தார். மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நின்றார். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு மணிக்கு உச்சியில் சுடர் ஏறியது. தெருவெல்லாம் அரோகரா என்ற சத்தம். அது மெல்ல அடங்கியது. பிறகு சக்கரவர்த்தி கூஜாவைத் திருகி, அதன் மூடிக் குவளையிலேயே ஒரு விரல் ஊற்றி நீட்டினார்.

"பாட்டில் எங்கே?"

"அது கவர்மெண்ட் ஆயிடுச்சு."

"மத்ததெல்லாம்? ஏழு இருந்ததே."

"துறந்துட்டேன்."

ஆலன் அவரை வியப்பாகப் பார்த்தார். "நான் பன்னிரண்டு வருஷமா இந்த ஊருக்கு வரேன். என்னால முடியல. நீங்க எப்படி?"

"தனியா தியானம் பண்ணா முடியாது. ஆபீசுக்கு எழுதிப் போடணும்."

ஆலன் சிரித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். முகர்ந்தார். மலையைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். அன்றைக்கு உதட்டை நனைக்க அவருக்குப் பத்து நிமிடம் போதவில்லை. அரைமணி எடுத்துக்கொண்டார். சக்கரவர்த்தியும் அவசரப்படவில்லை. கூஜா காலியானபோது ஆலன் அதைத் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். "நல்ல பாத்திரம்," என்றார். ஊருக்குப் போகும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அனுமதிப் பத்திரம் கண்ணாடி போட்டு ஷோகேஸுக்கு மேலே மாட்டப்பட்டது. கீழே முத்திரையோடு ஒற்றை பாட்டில். தை மாதம் அதற்குள் வெள்ளையாக ஒரு படலம் கட்டியது. சக்கரவர்த்தி பயந்துகொண்டிருந்தபோது சுரேஷ்குமார் மாதாந்திரப் பார்வைக்கு வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆடை கட்டியிருக்குது."

"ஆமாங்க," என்றார் சக்கரவர்த்தி.

"வயசாவுதுல்ல. அசலுக்குத்தான் கட்டும்," என்று குறித்துக்கொண்டார் சுரேஷ்குமார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரு உதவி வேணும் சார். நம்ம ஐயா ஒப்பீட்டு மாதிரின்னு கொண்டாந்தாரு பாருங்க, அது தலைமையில ரொம்பப் புடிச்சிப்போச்சு. ரெண்டு மாசத்துல இந்த மாவட்டத்துல மட்டும் அறுபது போலியைக் கண்டுபுடிச்சிருக்கோம். அத்தனையும் இதோட ஒத்துப்போகல. இப்ப முப்பத்தெட்டு மாவட்டத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர் கேக்கறாங்க. உங்க வெளிநாட்டு நண்பர்கிட்ட சொல்லி வரவழைக்க முடியுமா? பிளாஸ்டிக் மட்டும் ஆகாது. பழைய பாத்திரத்துல இருக்கணும்னு ஐயா சொன்னாரு. இந்தச் சரக்குக்குப் பாத்திரமும் வயசானதா இருக்கணுமாம்."

பொய் சொல்ல வராத சக்கரவர்த்தி, கடையின் மேல்தட்டை நினைத்துப் பார்த்தார். நாற்பதில் ஒன்று ஸ்காட்லாந்து போயிருந்தது.

"இருபது வருஷத்துக் கூஜா இருக்குதுங்க," என்றார், உண்மையாகவே.

"இருபது வருஷமா? அப்ப விலை ஜாஸ்தி வருமே."

"ஆமாங்க. கிடக்கக் கிடக்க ஏறுற சரக்கு."

உள்ளே ரேணுகாம்பாள் அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டு, சாம்பிராணி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "பூஜை சாமான் கடை வரைக்கும் போயிட்டு வரீங்களா?"